முழங்கால் ஆழம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
தெரிந்துதான் விட்டேன்:
பாலடோன் ஏரியின் தென்கரையில்
அரை கிலோமீட்டர் உள்ளே நடந்தாலும்
தண்ணீர் இடுப்பைத் தாண்டாது.
விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம்.
விழுந்தேன். நின்றுகொண்டேன்.
ஜூன் முழுக்க இதுதான் வேலை,
சான்டோட் படகுத்துறையில்
கார்களுக்குச் சீட்டுக் கிழிக்கும் நேரம் போக.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
நான் காற்றைச் சொன்னேன்.
பலகைக்குள் அடைத்த காற்றையும் சொன்னேன்.
திஹானிக்குப் போகும் பெரிய படகு
கிளப்பிவிட்டுப் போகும் அலையைச் சொன்னேன்.
கண்களோ பாதங்களை விட்டு நகரவில்லை,
பார்க்காவிட்டால் அவை
எங்காவது ஓடிவிடும் என்பதுபோல.

ஜூலைக் கடைசியில் கரையில் நின்று
லாங்கோஷ் தின்றுகொண்டிருந்த போக்லார்கா,
எட்டு வயசு, வாயோரம் புளித்த பாலாடை,
கத்தினாள்:
“துடுப்பைத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க!”

ஏழு வாரம்.
பலகையின் மூக்கைப் பார்க்க வேண்டிய
தகட்டின் வளைவு
ஏழு வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
மாற்றிப் பிடித்தேன்.
அதே ஏரி
வேறு ஏரி ஆயிற்று.

அதன்பின் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்.
தகடு முழுசாக முங்கும்வரை இழுக்கக் கூடாது,
அவசரக்காரி இழுப்பது வெறும் நுரையை.
கை இழுப்பதே இல்லை.
துடுப்பை நீரில் நட்டுவிட்டு
இடுப்பை அதனிடம் அனுப்ப வேண்டும்,
பலகை தானாகப் பின்தொடர்ந்து வரும்.
கணுக்காலருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும்.
அதற்குமேல் இழுப்பது
முடிந்துபோன சண்டையை இழுப்பது.
(என் மணவிலக்கின்போது
யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.)

நின்ற இடத்தில் திரும்புவது மட்டும் வரவில்லை.
ஒரு காலைப் பின்னுக்கு நகர்த்தி
வாலை அமுக்கி
மூக்கு எழும்பும் அந்த ஒரு நொடியில்
சட்டென்று சுழல வேண்டும்.
ஜோம்போர் கரையிலிருந்து போனில் படம் பிடிப்பான்.
கொதிகலன் பழுதுபார்க்கிறவன்,
ஓசையை வைத்தே ஓட்டை கண்டுபிடிப்பவன்.
முப்பத்தொன்பது படங்கள்.
எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு:
ஆளில்லாத பலகை,
பக்கத்தில் மிதக்கும் தொப்பி.
“இன்னைக்கு விலகித் தட்டையா விழுந்தே,
அது முன்னேற்றம்” என்றான் ஒருமுறை.
கேலி இல்லை. அவனுக்குக் கேலி வராது.

செப்டம்பரில் ஒரு மாலை
சீட்டறையைப் பூட்டிவிட்டுக் கொஞ்சம் தூரம் போயிருந்தேன்,
காலால் தரையைத் தொட முடியாத இடம்வரை.
கரையில் புயல் விளக்கு மினுக்கத் தொடங்கியது.
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து என்றால் எச்சரிக்கை.
தொண்ணூறு என்றால் புயலே வருகிறது.
எண்ணினேன்.
எண்ணிக்கொண்டிருக்கும்போதே
விளக்கு வேகமெடுத்தது.

இப்போது திரும்ப வேண்டும்.
காலைப் பின்னுக்கு வைக்கலாம்.
நாற்பதாவது படத்துக்குத்
தோதான வெளிச்சம்கூட இருந்தது.

வைக்கவில்லை. மண்டியிட்டேன்.

நின்றால் நான் பாய்மரம்.
மண்டியிட்டால் காற்றுக்குப் பாதி ஆள்.
துடுப்புக் கம்பில் கையைக் கீழிறக்கி
அகலமாக, அரைவட்டமாக வாரி வாரி
ஒரு லாரி முட்டுச்சந்தில் திரும்புவதுபோல்
மெதுவாக, அசிங்கமாக மூக்கைக் கரைக்குக் கொண்டுவந்தேன்.
பிறகு இடப்பக்கமே போட்டேன், இடப்பக்கமே,
வலப்பக்கத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.
ஏரி பச்சையிலிருந்து ஈயத்துக்கு மாறியது.
பார்வையைத் தண்ணீர்க் கோபுரத்தில் நட்டிருந்தேன்.
பாதங்கள் ஓடிவிடவில்லை,
என் பின்னால் மடங்கி, நனைந்து, இருந்தன.

மணல் தட்டியபோது
என் துண்டு கிடந்த இடத்துக்கும் எனக்கும்
முந்நூறு மீட்டர்.
இறங்கி நடந்தேன்.
கணுக்கால் கயிற்றைக் கையில் பிடித்து
வீட்டுக்கு வர மறுக்கும் நாயைப்போல்
பலகையை இழுத்துக்கொண்டு,
மழை தலையில்,
ஏரி முழங்காலில்.

எதிரே ஜோம்போர் செருப்போடு
தண்ணீருக்குள் ஓடிவந்தான்.
போன் சட்டைப்பையில்.

“திரும்பிட்டியா?”

எதைக் கேட்கிறான் என்று யோசித்தேன்.

“பாதி” என்றேன்.
அவன் பலகையின் மறுமுனையைத் தூக்கினான்.