நான்காவது கால்

நவம்பரில் டான்யூபைக் கடந்து
ராணுவ லாரியில் வந்தது அது.
பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சலவை இயந்திரம்.
நான்கு கால்களில் ஒன்று வழியிலேயே போயிருந்தது.

சோம்போரில் குழாய் வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
விதோசாவா கதவைத் திறந்தாள்.
"என் பையன் கொண்டுவந்தான்" என்றாள்,
பள்ளியில் பரிசு வாங்கி வந்தவனைச் சொல்வதுபோல்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
எத்தனை கிலோ பிடிக்கும் என்று கேட்டேன்.

ஸ்லாவோல்யுப் பூட்ஸோடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான்.
போன வருஷம் என் நாய் பஸ்ஸில் அடிபட்டபோது
துண்டில் சுற்றித் தூக்கி வந்து
என் வாசலில் நின்று அழுத பையன்.
குறடு கீழே விழுந்த சத்தத்தில் கண் திறந்தான்.
நான் இன்னாரென்று தெரிந்த பிறகும்
கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தான்.

வடிகட்டியைத் திருகிக் கழற்றினேன்.
அந்த வீட்டுத் தண்ணீர் அரைக் கோப்பை வந்தது,
இன்னும் சோப்பு வாசனையோடு.
பிறகு ஒரு பொத்தான்,
ஒரு ஹேர்பின்,
என் கட்டைவிரல் நீளத்தில் மஞ்சள் காலுறை.
விதோசாவா வாங்கிப் பிழிந்தாள், திருப்பிப் பார்த்தாள்.
"ஜோடி இருக்கிறதா பார்.
மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம்."
கையை உள்ளே விட்டுத் துழாவினேன்.
இருந்தது.

வெள்ளோட்டம் விட்டோம்.
சுழற்சி வேகம் பிடித்ததும்
மூன்று காலில் குதித்துக் குதித்து
அது வாசலை நோக்கிப் போனது.
போர்வை மூட்டையோடு காத்திருந்த பக்கத்து வீட்டு நெவெங்காவுக்குச்
சிரிப்பு தாங்கவில்லை.
ஸ்லாவோல்யுப் எழுந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தான்.
தொடை நடுங்கியது, தோள் நடுங்கியது,
முகம் மட்டும் நடுங்காமல்
சிகரெட் பற்றவைத்தான்.

அன்றைய பேப்பரை எட்டாக மடித்து
இல்லாத காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
"விடுவித்தோம்" என்ற கொட்டை எழுத்து
பாதி வெளியே தெரிந்தது.
சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளினேன்.
மட்டப் பலகை வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில் நின்றது.

எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர்.
ஒவ்வொரு துவைப்புக்கும் உள்ளே
ஒரு பொருக்கு படியும், வெளியே தெரியாது.
மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றச் சொல்ல வேண்டும்.
சொன்னேனா, நினைவில்லை.

கூலி வேண்டாம் என்றது நினைவிருக்கிறது.
அடுத்த முறை அந்தப் பக்கம் போனால்
துளைபோடும் மெஷின் ஒன்று,
ஜெர்மன்காரன் செய்தது என்றால் நல்லது.
விதோசாவா பேனா தேடிக் கொடுத்தாள்.
அவன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்:
பதின்மூன்று மில்லிமீட்டர்.