ஐந்து மில்லி

நீடாமங்கலம் மண் பரிசோதனை நிலையத்தில்
துணிப்பைகளில் வந்து சேரும் வயல்கள்.
போன மாதம் பூவனூர் செல்லக்கண்ணுவின் ஆறு மா.
உலர்த்தி, இடித்து, சலித்து,
வடித்த நீரைக் கருவிக்குக் கொடுத்தேன்.
துத்தநாகம்: பூஜ்யம் புள்ளி ஆறு.
“நட்ட பயிரு துருப்பிடிச்ச மாதிரி நிக்குதுங்க” என்றார்.
ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்,
மணலில் கலந்து தூவவும்,
டிஏபியோடு சேர்க்க வேண்டாம், இரண்டும் ஒத்துப்போகாது
என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வயல்களின் சோற்றைத்தான்
பதினெட்டு வருஷமாய் நானும் தின்கிறேன் என்பது
எழுதும்போது உறைக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து பர்வீன் வந்தாள்.
ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறாளாம்.
ஐந்து மில்லி ரத்தம், ஒரு கையெழுத்து,
பதிலுக்கு ஒரு பட்டர் பிஸ்கட்.

பதினோராம் நாள் திரையில் காட்டினாள்.
இருட்டில் பச்சை உருண்டைகள், என் செல்கள்.
மின்சாரம் பாய்ச்சினால்
முழு இழை அசையாமல் கிடக்கும்.
அறுந்த துண்டுகள்தாம் ஓடும்,
உருண்டைக்குப் பின்னால் வாலாக.
“வால்மீன் மாதிரி இருக்கே.”
சோதனைக்குப் பெயரே அதுதானாம்.
எண்ணினேன், பழக்கதோஷம்.
நூற்றில் முப்பத்தொன்றுக்கு வால்.

“பயப்படாதீங்கக்கா, எல்லாருக்கும் அறும்.
மூச்சு விட்டாலே அறும், வெயில் பட்டாலும் அறும்.
யாரு அடைக்கிறாங்கங்கறதுதான் விஷயம்.”

அது எனக்குச் சொல்லவே வேண்டாம்.
என் வீட்டுக்காரர் வெண்ணாற்று லஸ்கர்.
ஐப்பசி ராத்திரியில் கரை கசிந்தால்
முதலில் ஒருவன் பார்த்துக் கத்த வேண்டும்,
அப்புறம் சாக்கு, மணல், மூங்கில் முளை,
இடுப்பளவுத் தண்ணீரில் பத்துப் பேர்.
ஒரு வருஷம் எல்லாம் இருந்தது,
மண்வெட்டிக்குக் காம்பில்லை.
விடிவதற்குள் நானூறு ஏக்கர்.

துத்தநாகம் அந்தக் காம்பு.
அது இல்லாவிட்டால்
இழையைப் பிடிக்கும் புரதத்துக்கு விரல் மடங்காது.
அறுந்ததைத் தைக்கும் நொதிக்கு மக்னீசியம் வேண்டும்.
அறுக்க வருவதை வழியிலேயே மடக்கும் படையில்
செலினியத்துக்கும் ஒரு வேலை.
இரும்புதான் இரண்டு பக்கமும் பேசுகிற ஆள்,
குறைந்தாலும் வம்பு, மிஞ்சினால் தானே அரிவாள்.
அடைபடாத உடைப்போடு ஒரு செல் பிரிந்தால்
பிழை அதன் பிள்ளைக்கு, பிள்ளையின் பிள்ளைக்கு.
ஒருநாள் கட்டியாகலாம்,
ஆகாமலும் போகலாம்.

“மாத்திரை போட்டா புத்து வராதா?”
“அப்படி எவன் வித்தாலும் வாங்காதீங்க.
சாப்பாட்டைப் பாருங்க. அளவு மீறுனா அதுவும் கெடுதல்.”

மறுநாள் மதியம், ஆளில்லாத நேரம்,
என் பெயருக்கு ஒரு மண் அட்டை எழுதிப் பார்த்தேன்.
விவசாயி: சௌந்தரநாயகி.
பாசனம்: வெண்ணாறு.
சர்வே எண்: ஒரு கோடு.
பரிந்துரை: எள்ளு, கொண்டைக்கடலை, நெத்திலி.
ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
வெளியே யாரோ
ஈரமான துணிப்பையோடு.