சரிபார்க்கும் எழுத்து

இருபதாம் தேதி. இரவு பதினொன்று நாற்பது.
மானேசரில் ஜன்னல் இல்லாத மூன்றாம் தளம்.
ஆறு வரிசை இரும்பு அலமாரிகள்
ஒரே மூச்சை
நாளெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன.

திரையில் கோடு ஏறுகிறது.
மாதாமாதம் இதே நாளில் இதே ஏற்றம்.
பத்தொன்பது நாள் படுத்துக் கிடந்த தேசம்
கடைசி இருபது நிமிடத்தில்
கதவை இடிக்கிறது.

லால்ரின்புயா ஆறிப்போன தேநீரை
விசைப்பலகைக்கு ஆபத்தான பக்கத்தில் வைத்துவிட்டு
'இன்னும் நாலு சர்வர் சேர்' என்கிறான்.
சேர்க்கிறேன்.
கோடு அசரவில்லை.

இடிப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது பதினைந்து எழுத்து.
முதல் இரண்டு மாநிலம்.
அடுத்த பத்து ஆள்.
அப்புறம் எத்தனையாவது பதிவு என்று ஒன்று.
அதற்குப் பிறகு வரும் இசட்
ஏன் நிற்கிறது என்று கேட்டால்
நிற்கிறது, அவ்வளவுதான்.
கடைசி எழுத்துக்குச் சொந்தமாகப் பொருளே கிடையாது.
முன்னால் நிற்பவற்றில் ஒன்று தடுமாறினால்
காட்டிக்கொடுப்பது மட்டுமே
அதன் பிழைப்பு.

பதினொன்று நாற்பத்தாறு.
உதவி மையத்திலிருந்து ஒரு புகார்ச்சீட்டு
மேலே மேலே தள்ளப்பட்டு என்னிடம் வருகிறது.
பயனர்: நஸ்ரீன் சித்திக்கி, குர்ஜா.
சரக்கு: பீங்கான் கோப்பை, நாலாயிரத்து இருநூறு.
சேருமிடம்: ஜோர்ஹாட்.
பயனரின் மனநிலை: கோபம்.

லாரி கிஷன்கஞ்ச் தாண்டி மூடுபனியில் நிற்கிறதாம்.
ஓட்டுநர் பல்கார் இறங்கி நிற்கிறாராம்.
அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்த வண்டி எண்ணில் பூஜ்யம்.
மின்சீட்டில் 'ஓ'.
இரண்டும் வட்டம்தானே என்று
எந்த இயந்திரமும் இரக்கப்படாது.
வண்டி எண்ணுக்குக்
காவலிருக்கக் கடைசி எழுத்தும் இல்லை.

திருத்துவது ஒரு நிமிட வேலை.
ஆனால் உள்ளே நுழைய ஓடிபி வேண்டும்.
ஓடிபி போகும் எண் கணக்காளர் தியாகியுடையது.
நாற்பது கடைகளுக்கும் அவர் எண்தான்.
தியாகியோ புலந்த்ஷஹரில்
மைத்துனன் குதிரைக்கு முன்னால்
பேண்டு வாத்தியத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கிறார்.
நாற்பது கடைகளின் ஆறிலக்கங்கள்
அவர் ஷெர்வானிப் பைக்குள்
ஒன்றன்மேல் ஒன்றாக அதிர்கின்றன.

இதையெல்லாம் அந்த அம்மாள்
மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறார்.
கேட்டவன் ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்திருக்கிறான்.

இந்தக் கட்டிடத்தின் எல்லாச் சாவியும் என்னிடம் இருக்கிறது.
ஒரு 'ஓ'வைப் பூஜ்யமாக்க
எனக்கு அனுமதியில்லை.
இருக்கவும் கூடாது.
இன்று கருணையால் ஓரெழுத்தை மாற்றுகிற கை
நாளை எதற்காக மாற்றும்?
அது தெரியும்.
தெரிந்தும்
அந்தச் சீட்டை மூன்று முறை படித்தேன்.

என்னால் முடிந்தது நெரிசலைக் குறைப்பது.
யாருக்கும் அவசரமில்லாத அறிக்கைகளை நிறுத்தினேன்.
பழைய மாதங்களைப் புரட்டும் வேலைகளைத் தூங்க வைத்தேன்.
குறுஞ்செய்தி வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டு, ஏழு விநாடி.
பதிவேட்டில் ஒரு வரி:
வாகன எண் திருத்தம். வெற்றி.
அவருடையதா?
அதே விநாடியில் இன்னும் பத்தொன்பது திருத்தங்கள்.
யாருடையது என்று திறந்து பார்க்க
எனக்கு வேலை சார்ந்த காரணம் எதுவும் இல்லை.
வரி கட்டுகிறவர்கள் எனக்கு விட்டுப்போவது
இப்படி ஒற்றை ஒற்றை வரிகளைத்தான்.

நள்ளிரவு.
கோடு சரிந்தது, பந்தி முடிந்து இலை எடுத்த கூடம்போல.
லால்ரின்புயா அந்தத் தேநீரைக் குடித்தே விட்டான்.

புகார்ச்சீட்டு இன்னும் திறந்திருக்கிறது.
சிக்கல் தீர்ந்தவர்கள் திரும்ப அழைப்பதில்லை.
தீராதவர்களும்
ஒரு கட்டத்துக்குமேல் அழைப்பதில்லை.
குறிப்புக் கட்டத்தில்
'கோப்பைகள் உடையாமல் போய்ச் சேரட்டும்'
என்று எழுதி, அழித்து,
'பயனரிடமிருந்து பதிலில்லை' என்று எழுதினேன்.

சேமித்தது.