மூன்று கிலோ

பொகவந்தலாவ டவுனில் என் பெயர் தேவசகாயம்.
தொழில் காப்புறுதி.
பெயரையும் தொழிலையும் கொழும்பில் ஒரு மேசையில்
ஒரே உறையில் போட்டுத் தந்தார்கள்.
குடை மட்டும் என்னுடையது.

என்னிடம் பொலிசி எடுத்த முதல் ஆள் நீதான்,
இன்னாசி மாஸ்டர்.
மாதம் நூற்றியிருபது ரூபாய்.
"செத்தாத்தான் லாபம்னா
என்னாங்க யாவாரம் இது" என்று சிரித்தபடி
கையெழுத்துப் போட்டாய்.
அன்றிரவு உன் பெயர் இரண்டு கோப்புகளில் ஏறியது.
ஒன்றுக்குத்தான் உனக்கு ரசீது.

மூன்று வருஷம்
உன் வீட்டு ரொட்டி, கட்டைச் சம்பல்,
அடுப்பங்கரைச் சூட்டில் காய்ந்த என் காலுறை.
உன் சின்னவனுக்கு வலிப்பு வந்த இரவு
கொழுந்து லொறியை மறித்து
டிக்கோயா ஆஸ்பத்திரி வரை மடியில் வைத்திருந்தேன்.
அதை நான் எழுதவில்லை.
அவர்களும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சிங்களத்தில் அறிக்கை.
விசேஷம் ஒன்றுமில்லை.
விசேஷம் ஒன்றுமில்லை.
பன்னிரண்டு வெள்ளி இப்படியே போக
மேலிடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது:
"அந்த மலையில் மழை மட்டுந்தானா பெய்கிறது?"

அந்த வாரம்தான்
பள்ளிக்கூட மைதானத்தில் நின்று சொன்னாய்,
கை நிறைய சுண்ணாம்புத் தூளோடு:
"எட்டாந் தேதி குண்டு போடுறோம், வந்து பாருங்க.
நோர்வூட் வரைக்கும் அதிரும்."
பின்னால் தர்மவதனி,
ஒன்பதாம் வகுப்பு, செருப்பில்லாத கால்,
இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்து
ஒரு சுழற்று சுழன்றாள்.

தமிழில் அது ஒரே சொல்.
சிங்களத்தில் இரண்டு.
யகுலிய என்றால் வெள்ளைக் கோடு, விசில், கைதட்டல்.
போம்பய என்றால் போம்பயதான்.
தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல வழியில்லை.
சாதாரண தரத்தில் சிங்களத்துக்கு எனக்கு விசேட சித்தி.
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
மை இருந்தது.

ஏழாந் தேதி இரவு ஜீப் ஏறிய சத்தத்தை
வாடகை அறையில் படுத்து
வளைவு வளைவாக எண்ணினேன்.
ஆறாவது வளைவில் கியர் மாற்றினார்கள்.
இறங்கும்போது மாற்றவில்லை.

எட்டாந் தேதி
தர்மவதனி ஒரு கருங்கல்லை எறிந்தாளாம்.
யாரும் அளக்கவில்லை.

திருத்தம் அனுப்பலாம்.
அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது.
எடுத்தேன்.
'மொழிபெயர்ப்பில் நேர்ந்த' என்பது வரை வந்தேன்.
அடுத்து 'தவறு' என்று எழுத வேண்டும்.
அதுவும் பொய்தானே.
இந்த நியாயம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாராட்டுக் கடிதம் வந்தது,
என் சொந்தப் பெயருக்கு.
அந்தப் பெயரை எழுத்தில் பார்த்து
நெடுநாளாகியிருந்தது.

உன் பொலிசி காலாவதியாகாமல்
நான் கட்டினேன்.
பதினான்கு மாதம்.

நேற்று வந்தாய்.
தேத்தண்ணீர்க் கடையில் எதிரே உட்கார்ந்து
இடது கையால் கோப்பையைத் தூக்கினாய்.
வலது கை மேசைக்குக் கீழேயே இருந்தது.
மனைவி பத்திரப்படுத்திய ரசீதுகளை
ஒவ்வொன்றாக நீவி அடுக்கினாய்.
"சங்கத்துக்காரங்க வரல. சொந்தக்காரங்க வரல.
நீங்க ஒரு ஆளுதாங்க..."
மேலே பேச உனக்கு முடியவில்லை.

சொல்லிவிட வாயைத் திறந்தேன்.
"சீனி போதுமா" என்றேன்.

ஹட்டன் காரியாலயத்துப் பின்வாசலில்
காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க
ஒரு இரும்புக் குண்டை அண்டை கொடுத்திருக்கிறார்கள்.
'சான்றுப் பொருள் 4' என்ற சீட்டு
ஈரத்தில் பாதி உரிந்து தொங்குகிறது.
நான் வந்தால் அதைக் குனிந்து எடுத்து
ஓரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இன்றைக்கு வெள்ளி.