டாக்சியில் போனவர்

மாமாவின் பெயர் பிச்சைமுத்து.
திரையில் எழுத்துகள் ஓடும்போது
பீட் மூட்டூ.
பக்கத்தில் இன்னொரு பெயர், மேத்தா:
குஜராத்திலிருந்து வந்து
ஆல்டர் சந்தின் மூலையில் கடை வைத்தவர்.

மாமா குஜராத்தைக் கண்டதில்லை.
பொகவந்தலாவைப் பங்களாவில்
துரைக்கு முட்டை அவித்தவர்.
தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம்
துரைசாணி தன் நாயையும் மாமாவையும்
கூட்டிக்கொண்டு போனாள்.
நாயை ஆறு மாதம் தடுத்து வைத்தார்கள்.
மாமாவை மூன்று மணி நேரம்.

துரை செத்ததும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார்.
ஸ்டூடியோவில் கூட்டத்தில் நிற்க ஆள் கேட்டார்கள்,
மூன்று பவுணும் பகல் சாப்பாடும்.
போய் நின்றார்.
பேசவும் வருமா என்றார்கள்.

பதினேழு வருடம்,
செவ்வாயும் வியாழனும்,
பால், பத்திரிகை, மிச்சக் காசு.
"இன்றைக்கும் மழைதான், மிஸஸ் ஹார்ப்பர்."
அதிகம் சொன்ன வசனம் அதுதான்.
மழையைப் பற்றி
யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் அடுக்கில் தேயிலைப் பெட்டிகள்.
எல்லாம் வெறும் பெட்டி என்று
ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.
அம்மா அந்த வரியை
இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.
அன்றைக்கு அவள் கொழுந்து பதினோரு கிலோ.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டிருந்தான்.

தொண்ணூற்றிரண்டில் கசெட் வந்தது.
லயத்தில் கரண்ட் இல்லை.
டிஸ்பென்சரி ஐயா வீட்டில்தான் டெக்.
கதவிலும் ஜன்னலிலும் முப்பது முகம்.
இங்கிலீசு புரியவில்லை,
கடை புரிந்தது,
கடன் கொப்பி நன்றாகப் புரிந்தது.

மேத்தாவின் மனைவி ஆஸ்பத்திரியில்.
டாக்டர் வந்து தலையை ஆட்டுகிறார்.
எழுதிக் கொடுத்திருந்தது இவ்வளவுதான்:
கண்ணாடியைக் கழற்றுகிறார். பேச்சில்லை.
மாமா கண்ணாடியைக் கழற்றினார்.
பிறகு
"ஐயோ, என்னப் பெத்த ஆத்தா"
என்றார்.

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்,
பாதியில் நிறுத்தினார்கள்.
அம்மா எழுந்து வெளியே போனாள்.
"ஆத்தா செத்ததுக்குத் தந்தி அடிச்சோம்.
ஒரு பதிலு வரல.
இப்ப அழுவுறான் பாரு,
எவளோ ஒரு வெள்ளக்கார டாக்டருக்கு முன்னால."

அங்கே மூட்டையாகக் கடிதம் வந்ததாம்.
மேத்தா பேசிய குஜராத்தி
மனதை உருக்கிவிட்டது என்று.

இரண்டாயிரத்தில் கடையை விற்க வைத்தார்கள்.
சாகடிக்கவில்லை, டாக்சியில் ஏற்றினார்கள்.
'டாக்சியில் போனவன் திரும்பி வரலாம்,
செத்தவன்தான் வர முடியாது,
இங்கே அதுதான் சட்டம்'
என்று எழுதினார்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி
பெரிய பெரிய எழுத்தில்.
டெலிபோனுக்குப் பக்கத்திலேயே எட்டு வருடம்.
பிறகு பக்கத்து அறையில்.
இடையில் ஒரு மூட்டுவலி மருந்து விளம்பரம்,
ஒரு கடைத் திறப்பு விழா.
கத்தரிக்கோல் ரிப்பனை வெட்டவில்லையாம்,
கையால் கிழித்தாராம்.

போன மாசியில் வந்தார்.
ஹட்டனிலிருந்து ஆட்டோ.
மேல்கணக்கு லயத்துக்கு முன்னால்
இறங்கத் தெரியவில்லை அவருக்கு.
பையின் வார் கம்பியில் மாட்டியது,
ஒரு கால் காணுக்குள் போனது,
காசை எண்ணினார், மறுபடி எண்ணினார்.
பிறகு நின்றார்,
கொஞ்சம் பக்கவாட்டில்,
வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ
அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி,
யாரோ ஏதோ சொல்லட்டும் என்பதுபோல.

நாங்கள் எல்லோரும் வாசலில்.
பிள்ளைகள் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.
அம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி
வெளியே வந்தாள்.
நாற்பத்தொன்பது வருடம் கழித்து
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"ஆட்டோவ நிக்கச் சொல்லியிருக்கியா,
அனுப்பிட்டியா?"

மாமா வாயைத் திறந்தார்.
கீழே முடக்கில்
ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது.