எண்பத்து மூன்று நாள்

மூவாற்றுமுகத்துப் பாலத்துக்கு
எண்பத்து மூன்று நாளும்
நாற்பத்தொரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூறு ரூபாயும்
கூடுதலாய்க் கேட்டு
நாலு வால்யூம் கொடுத்திருக்கிறார் யேசுவடியான்.
ஸ்பைரல் பைண்டிங்.
இரண்டாவதன் அட்டைக்குள் ஒரு தும்பி
நசுங்கிக் கிடக்கிறது. அதற்குக் கணக்கு இல்லை.

தக்கலை ஆபீசின் மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க
மூன்றாம் தூணிலிருந்து வந்த பாறைத் துண்டை வைத்திருக்கிறேன்.
அதுவும் கோரிக்கையில் ஒரு பகுதிதான்:
மண் பரிசோதனை பன்னிரண்டாவது மீட்டரில் என்றது,
நாலரையில் வந்து இடித்தது.
உளியடித்த மணி நூற்றுப் பதினாறு. ஒன்பது நாள்.
மறுக்க முடியாது,
சாட்சி மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது.

மழையை மறுத்துவிட்டேன்.
எடவப்பாதிக்கு இருபத்தாறு நாள் கேட்டிருந்தார்.
அனுபவமுள்ள ஒப்பந்ததாரர்
எதிர்பார்த்திருக்கக் கூடியதே என்கிறது ஒப்பந்தம்.
இந்த ஜில்லாவில் பிறந்தவருக்கு
வருஷத்தில் இரண்டு மழை என்று
யார் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்?
பெரிய வெள்ளிக்கும் ஒரு நாள் போட்டிருந்தார். அடித்தேன்.
அன்று நானும்தான் சர்ச்சில் இருந்தேன்,
இரண்டு பெஞ்சு முன்னால் அவர்.

பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்த ஒன்பது நாள் கொஞ்சம் சிக்கல்.
தற்காலிகப் பாதையின் மணல்மூட்டைகள்
குழித்துறை சப்பாத்து வரை போயின, உண்மை.
அந்த ஒன்பதில் ஆறு நாள்
ரிக்கின் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து
கோயம்புத்தூர் உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தது, அதுவும் உண்மை.
ஆறு வராவிட்டாலும் ரிக் ஓடியிருக்காது.
ரிக் ஓடியிருந்தாலும் ஆறு விட்டிருக்காது.
ஒரே நாளுக்கு இரண்டு உடைமைக்காரர் என்றால்
கரம் யார் அடைப்பது?
அந்த ஆறு நாளுக்கு
காலத்தைக் கொடுத்தேன், காசைக் கொடுக்கவில்லை.
அவருக்கும் பிடிக்காது, ஆடிட்டுக்கும் பிடிக்காது.

மிச்சம் முப்பத்தெட்டு நாள், ஒரு மின்கம்பம்.
கிழக்கு அணுகுசாலையில்
எங்கள் வரைபடத்தில் இல்லாமல்
ரப்பர்த் தோட்டத்தோரம் நின்றிருந்தது.
வாரியம் வந்து மாற்றும்வரை
தகரக் கொட்டகையில் பதினொரு பேர்
போனில் லூடோ ஆடினார்கள்.
அவர்கள் கூலி மட்டும் மூணே முக்கால் லட்சம்.

இந்தக் கோரிக்கை செல்லாது.
இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்துமூல அறிவிப்பு இல்லை.
ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில்
அந்த ஒரு கடிதம் இல்லை.
சுபிதா வரைவை டைப் செய்து வைத்துவிட்டார்:
‘அறிவிப்பு இன்மையால் நிராகரிக்கப்படுகிறது.’
கையெழுத்து பாக்கி.

கடிதம் வந்தது.
கம்பத்தடியில், மாசி மாத உச்சி வெயிலில்,
ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து நீட்டினார்.
மறுநாள் ஆய்வுக் கூட்டம்.
தாமதம் என்று ஒரு தாள் கோப்பில் ஏறினால்
முதலில் என் பெயரைத்தான் கேட்பார்கள்.
“கடுதாசி ஒண்ணும் எழுதாண்டாம், பாத்துக்கிடலாம்”
என்றேன்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
நான்காய் என்பது வரை நினைவிருக்கிறது.
நினைவுக்கு ஒப்பந்தத்தில் பிரிவு எண் கிடையாது.

நாலு வால்யூமிலும் அவர் அதைச் சொல்லவில்லை.
தேடினேன். பின்னிணைப்பு வரை தேடினேன்.
‘மேடம் சொன்னதால்’ என்று எங்கும் ஒரு வரி இல்லை.
மறதியா, மரியாதையா,
அடுத்த டெண்டருக்கு இப்போதே கட்டிவைக்கும் முன்பணமா,
தெரியவில்லை.
எதுவானாலும் வட்டி என் பக்கம்தான் ஏறுகிறது.

மணி ஆறேகால்.
சுபிதா குலசேகரம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.
பாறைத் துண்டை நகர்த்தி வரைவை எடுக்கிறேன்.
‘நிராகரிக்கப்படுகிறது’ மேல் ஒரு கோடு.
ஓரத்தில், பச்சை மையில்:
‘மேற்படி கம்பம் குறித்த அறிவிப்பை
______ அன்று கையில் வாங்க மறுத்தவர்
கீழே கையொப்பமிட்டிருப்பவர்.’

தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன்.
டைரியைப் புரட்டிப் பார்த்தேன்.
அந்த நாளுக்கு நேரே, என் கையெழுத்தில்,
‘பணி நடைபெறுகிறது.’