முப்பத்தெட்டு

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் புதன்கிழமை முகாம்.
டோக்கன் நூற்றிப் பதினாறு.
எனக்கு முன்னால் ஒரு செல்லம்பட்டிக்காரி,
மடியில் பன்னிரண்டு வயது மகன்.
தலை நிற்காது.
"தொண்ணூறு வந்துருச்சுக்கா" என்று
போனில் யாரிடமோ சிரித்தவள்
சட்டென்று நிறுத்தி
அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

என் முறை.
கதிரடிக்கிற மிஷின் விட்டுவைத்த
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும்
டாக்டர் மடக்கிப் பார்த்தார்.
ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுமா?
முடியும்.
தீக்குச்சி உரச?
உரசுவேன் சார். பருத்திகூட எடுப்பேன்,
மத்த ஆளுக்குச் சமமா எடுப்பேன்.

முப்பத்தெட்டு.
நாற்பது இருந்தால்தான் மனுவே வாங்குவார்களாம்.

வெளியே வந்ததும் மொக்கராசு
தலையில் அடித்துக்கொண்டான்:
"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா
ரெண்டு கூடியிருக்கும்ல, விருமாயி."

முதல் கொக்கி மாட்ட
ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது எனக்கு.
கதவைச் சாத்திக்கொண்டு
அழுது அழுது மாட்டினேன்.
அது அவனுக்கும் தெரியாது.

அடுத்த முகாம் தையில்.
முடியாது சார்,
முடியாது என்று
சொல்லிப் பழகுகிறேன்,
விடியக்காலை
அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே.